டம்ளர் என்று பட்டியலிடப்பட்ட படம்

நேரில் பார்வையிடாத எந்தப் பொருளுக்கும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று சான்றளிக்கக் கூடாது. அரசு அலுவலகத்தில் இதுதான் பாலபாடம். முப்பத்தாறு வருடம் மத்திய அரசில் வேலை பார்த்தேன். நாற்காலிகளை எண்ணாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறேன். (ஒருவர் அழுதேவிட்டார். எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.) அப்படிப்பட்ட நான், என் மனைவியின் இருபத்துநான்கு ஓவியங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அத்தனைக்கும் சான்றளித்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா, பாளையங்கோட்டைக்காரி. டெல்லி மருத்துவமனை ஒன்றில் முப்பது வருடம் நர்ஸ். ஓய்வு பெற்றதும் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். முனிர்காவில் உள்ள எங்கள் வீட்டின் பின்பக்க பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, நான்கு வருடம் அதற்குள்ளேயே இருந்து வரைந்தாள். நான் அந்தப் பக்கம் போனதில்லை. டர்பன்டைன் வாசனை எனக்கு ஆகாது என்பது அதிகாரபூர்வமான காரணம். பார்த்தால் ஏதாவது கருத்துச் சொல்ல வேண்டிவரும் என்பது நிஜமான காரணம்.

தென் டெல்லியில் ஒரு சிறிய கேலரியில் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி ஏற்பாடானபோது, காகித வேலை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். கேலரியின் விதிப்புத்தகம் பதினொரு பக்கம். அதை அச்சடித்தவருக்குப் பிறகு படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். படங்களின் பட்டியலை அவள் அடுக்களையில் நின்றபடியே சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்.

“துடைப்பம். குக்கர். குடை. ரப்பர் செருப்பு. டம்ளர்.”

“எல்லாம் நம்ம வீட்டுச் சாமானாவுல்லா இருக்கு?”

“பின்ன, ஊரார் வீட்டுக் குக்கரையா வரைவாங்க? உள்ள வந்து ஒரு எட்டுப் பாத்துட்டு எழுதுங்களேன்.”

“தேவையில்ல. சொல்லு.”

பட்டியலின் அடியில், ‘மேற்கண்டவற்றை நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு என் பழைய அலுவலக நண்பர்கள் முப்பது பேருக்கு, தவறாமல் வரவேண்டும் என்ற தொனியில் சுற்றறிக்கை போல ஓர் அழைப்பும் அனுப்பினேன்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்துமூன்று வயதிலிருந்து எனக்குப் பல்செட். ஸ்டெல்லா, மகள் ஷீபா, பல் டாக்டர் ஆகிய மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. என் பிரிவு உபசார விழாவில் நண்பர் குப்தா, “அறுபது வயதில் இப்படி ஒரு பல்வரிசை யாருக்கு இருக்கிறது?” என்று ஐந்து நிமிடம் பேசினார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், அதே பல்வரிசையால்.

திறப்பு விழா மாலை ஐந்து மணிக்கு. முதல் அதிர்ச்சி, படங்கள் நன்றாக இருந்தன. குக்கரின் மூடியில் எங்கள் அடுக்களை ஜன்னல் வளைந்து தெரிந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நான் கொண்டுபோகும் துணிப்பையிலிருந்து இரண்டு முருங்கைக்காய்கள் எட்டிப் பார்த்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குப்தாவைக் கூட்டிக்கொண்டு, நானே வரைந்தது போல ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனேன். வழியில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசுவதற்காக அவர் ஒதுங்கினார். கடைசிச் சுவருக்கு நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன்.

அந்தச் சுவரில் ஒரே ஒரு படம். ஐந்தடி உயரம். கண்ணாடி டம்ளர், பாதிக்கு மேல் தண்ணீர், அதில் காலை வெளிச்சம். தண்ணீருக்குள் என் பற்கள்.

மேல்செட்டும் கீழ்செட்டும். வேறு யாருடையதாகவாவது இருக்கலாம் என்று ஒரு நொடி வாதாடிப் பார்த்தேன். ஆனால் கீழ்வரிசையில் இடதுபக்கம், முறுக்கு கடித்து உடைந்து ஒட்டவைத்த பல்லும் இருந்தது, ஒட்டிய கோடு சகிதம். என் வாய்க்குள் இருந்ததைவிட அது பத்து மடங்கு பெரியது.  வாயை இறுக மூடிக்கொண்டேன். சுவரில் இருப்பதையும் முகத்தில் இருப்பதையும் யாராவது ஒப்பிட்டுவிட்டால்?

பத்தடி தள்ளி ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. நான் கேலரி மேனேஜரிடம் போனேன். ரித்திகா என்ற முப்பது வயதுப் பெண்.

“அங்கிள், ஆன்ட்டியிடம் சொல்லிப் பாருங்களேன்,” என்றாள் இந்தியில்.

“உங்கள் விதி பதினான்கு (ஆ) என்ன சொல்கிறது? பட்டியலோடு பொருந்தாத படைப்பின் மீது எழுத்துமூலம் ஆட்சேபம் வந்தால், முடிவாகும் வரை அதைத் துணியால் மூடி வைக்க வேண்டும்.”

“அப்படி ஒரு விதியா?” என்று கேட்டபடி அவள் புத்தகத்தைத் தேடினாள். நான் அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன்: ‘எண் 5, டம்ளர் என்று பட்டியலில் உள்ளது. ஆனால் அதனுள் பல்செட்டும் இருக்கிறது. அந்தப் பற்கள் என்னுடையவை.’ கீழே முழுப்பெயர், வகித்த பதவி, கையெழுத்து.

பத்து நிமிடத்தில் காவி நிறத் துணி ஒன்று படத்தை மூடியது. நான் மூச்சு விட்டேன். விதி பதினான்கு (இ) அடுத்த பக்கத்தில் இருந்தது. பதற்றத்தில் நான் பக்கத்தைத் திருப்பவில்லை. ரித்திகா திருப்பியிருக்கிறாள். ஆட்சேபத்தின் நகலைப் படைப்பின் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டுமாம். வந்தவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால், நல்ல பெண், நாலு மடங்கு பெரிதாக்கி நகல் எடுத்து ஒட்டினாள்.

அதுவரை குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் கடைசிச் சுவருக்கு நகர்ந்தது. துணியைத் தூக்கிப் பார்க்க ஒரு வரிசை உருவானது. போன் பேசி முடித்த குப்தா, என் ஆட்சேபத்தை உரக்க வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“செல்வராஜ்ஜி, அப்படியானால் உங்கள் விழாவில் நான் பாராட்டியது யாருடைய பற்களை?”

ஷீபா என் காதருகே வந்தாள். “அப்பா, யே க்யா கர் தியா? என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நீங்களே போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டீங்க.”

ஸ்டெல்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நகலை இரண்டு முறை படித்தாள். அவளோடு வேலை பார்த்த டாக்டரம்மா ஒருவர் அந்தப் படத்தை வாங்குவதற்காகவே நின்றுகொண்டிருந்தார். அது ஸ்டெல்லாவின் முதல் விற்பனையாக இருந்திருக்கும். ரித்திகா முடியாது என்று தலையை ஆட்டினாள். ஆட்சேபம் நிலுவையில் உள்ள படத்தை விற்கக் கூடாது. விதி பதினான்கு (ஈ).

 திரும்பும் வழியில், ஆட்டோ ஆர்.கே.புரம் சிக்னலில் நின்றபோது ஸ்டெல்லா பேச ஆரம்பித்தாள்.

“அந்தத் தண்ணிக்குள்ள வெளிச்சம் விழுததுக்கு மட்டும் நாலு மாசம் வரைஞ்சேன்.”

“டம்ளருன்னு சொன்னியே.”

“டம்ளருதான். வார்டுல தெனமும் பல்செட்டு வச்ச எத்தனை டம்ளர் கழுவி வச்சிருப்பேன். அதுல என்ன கேவலம் இருக்கு?” சிக்னல் பச்சையானது. “ஆபீஸ்ல இருக்கையில பல்லோட வீட்டுக்கு வருவீங்க, சாப்பிடுவீங்க, ஃபைல் பாப்பீங்க. ராத்திரி அதைக் கழட்டி வச்ச பெறவுதான் எங்கிட்ட மனுசனா பேசுவீங்க. எனக்குப் பிடிச்ச சாமான் அது. அதான் பெருசா வரைஞ்சேன்.”

 

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய், ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதிவு செய்யப்பட்ட ஆட்சேபத்தை இடையில் திரும்பப் பெற வழியில்லை என்றாள் ரித்திகா. இப்போது அவள் பதினொரு பக்கத்தையும் படித்து முடித்திருந்தாள். குழு கூடி முடிவு செய்யும், பதினைந்து வேலை நாட்களில் பதில் வரும் என்றாள். கண்காட்சி ஆறே நாளில் முடிந்தது.

படம் வீட்டுக்கு வந்தது. ஸ்டெல்லா அதைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள், துணி இல்லாமல்.

“இங்கயா?”

“கேஸ் நிலுவையில இருக்குல்லா? பதில் வருத வரைக்கும் அசைக்கக் கூடாது.”

வருகிற விருந்தாளிகளை ஷீபா அதற்கு எதிரில்தான் உட்கார வைக்கிறாள். “அப்பா ரெண்டு இடத்துல சிரிக்கிறார், எது அச்சா இருக்குன்னு சொல்லுங்க,” என்கிறாள். டாக்டரம்மா இரண்டு முறை போன் செய்து கேட்டார். அது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டாள் ஸ்டெல்லா. நான் கேலரிக்கு மூன்று நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன்.

கடைசியில் பதில் வந்தது. ‘தங்கள் ஆட்சேபம் குழுவால் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. படத்தில் டம்ளர் இருப்பது உறுதி செய்யப்பட்டது. ஏனையவை டம்ளரின் உள்ளடக்கம். எனவே ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. படம் தொடர்ந்து காட்சியில் இருக்கலாம்.’

ஸ்டெல்லா அதை வாங்கிப் படித்தாள். படத்துக்கு மேலே இருந்த ஆணியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். நான் பழக்கதோஷத்தில் கடிதத்தின் மூலையில் ‘பெறப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்து, தேதி போட்டேன்: நவம்பர் 19.