பக்கவாட்டில் வரும் அப்பா

"டீச்சருக்கு முட்டிக்குக் கீழ வீங்கிப் போச்சாமா" என்றாள் செல்வலட்சுமி. "உங்க மக உதைச்சதுல."

பிச்சைமணி சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எதுக்கு உதைச்சாளாமா?"

"பக்கத்துப் புள்ளை ரப்பரை எடுத்துருச்சாமா."

"அதுக்கு அந்தப் புள்ளையைத்தானே உதைக்கோணும்?"

"அவளையுந்தான் உதைச்சா. அது முதல்ல."

ரெண்டாம் கிளாஸ் படிக்கிற வர்ணிகா, நினைத்தது நடக்காவிட்டால் உதைப்பாள். கதவு, கட்டில், கேஸ் சிலிண்டர் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை.

"எங்கிருந்துதான் வந்துச்சோ இத்தனை கோவம்" என்று கத்தி, பிச்சைமணி மேசையில் ஓங்கி அடித்தார். தம்ளர் கவிழ்ந்து உருண்டது. செல்வலட்சுமி உருளுகிற தம்ளரையே பார்த்தாள்.

பிச்சைமணி தேங்காய் வியாபாரி. கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் அவர் தோப்புக்குள் நின்று மரத்திலிருக்கிறவனைக் கூப்பிட்டால், செக்போஸ்ட்டில் நிற்கிற தமிழ்நாட்டு போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

"சனிக்கிழமை பஞ்சாயத்து ஹால்ல பெத்தவங்களுக்கு ஒரு கிளாஸ் வெச்சிருக்காங்க" என்றாள் செல்வலட்சுமி. "புள்ளைக கோவத்தை ஊட்டுலயே எப்படி அடக்கறதுன்னு அந்த ஜிஸ்மி டீச்சரே சொல்லித் தர்றாங்களாமா. நீங்க போகோணும்."

"நீ போயேன்."

"நான் போனா நான் திருந்துவேன். அதுல என்ன பிரயோசனம்? நீங்க போகலீன்னா புள்ளையைக் கூட்டிட்டுக் கிணத்துக்கடவுக்கே போயிர்றேன். எங்கம்மா ஊட்டுலயே படிக்கட்டும். உங்க மகளை நீங்க போன்ல பாத்துக்கலாம்."

பிச்சைமணி தட்டைத் தள்ளி வைத்தார். அவள் சொன்னால் செய்கிறவள். மகளோ, உதைத்தாலும் அவருக்கு உயிர்.

ஆகவே சனிக்கிழமை போனார். போகிற வழியில் கள்ளுக்கடை இருந்தது அவர் குற்றமல்ல. அன்றைக்கு இறக்கிய கள், கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு. ஒரு வாய் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். பஞ்சாயத்து ஹாலில் சனிக்கிழமையென்றால் மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று ஏதாவது கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், அவசரமில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பால் சொசைட்டி வண்டி ஓட்டுகிற சிலுவைராஜ் மிக்சர் பொட்டலத்தோடு படியிறங்கினான். அவன் மகளும் வர்ணிகா படிக்கிற பள்ளிக்கூடம்தான்.

"ஏப்பா சிலுவைராஜு, கிளாஸ் முடிஞ்சுதா?"

"இப்பத்தானுங்கண்ணா. நீங்க வரலீங்களா?"

"தாமசமாயிப் போச்சு. உதைக்கறதுக்கு எதாச்சும் சொன்னாங்களா?"

"அதைத்தானுங்க பாதி நேரம் சொன்னாங்க. உங்கூட்டுலயும் உதைதானா?"

"கேக்காத போ."

சிலுவைராஜ் மிக்சரை நீட்டிக்கொண்டே சொன்னான். "உதைக்கறது திமிரு இல்லீங்களாமா, பயமாமா. அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஒருக்கா மெரட்டிப்புட்டா சென்மத்துக்கும் மறக்காதாமா. நேரா மூஞ்சிக்கு முன்னால போயி நிக்கக் கூடாது, பின்னாலயும் வரக் கூடாது. பக்கவாட்டுல, மெல்லப் பேசிட்டே போகோணும். தெனமும் அதே ஆளு, அதே நேரம், அதே துணி. துணி மாறுனா மெரளுமாமா. சன்னமா ஒரு பாட்டுப் போட்டு வெக்கலாம். புது ஆளுகளைப் பொசுக்குன்னு கிட்ட உடாதீங்க, தூரத்துல நிக்க வெச்சுப் பழக்கோணும். சொன்னபடி கேட்டா உடனே தீனி. முன்னாடியே குடுத்தாக் கெட்டுப் போயிருமாமா."

பிச்சைமணி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து, வீட்டில் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"எங்க உக்காந்திருந்தீங்க?" என்றாள் செல்வலட்சுமி.

"தூணுக்குப் பின்னால."

"என்னமோ வாசம் அடிக்குது."

"கூட்டம். நூறு பேரு இருப்பாங்க."

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க" என்றபடி பால்போசியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் போசி உருளுகிற சத்தமும் அவள் திட்டுகிற சத்தமும் கேட்டன. இவளும் அந்தக் கிளாசுக்கு வந்திருக்கலாம் என்று பிச்சைமணி நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, யூனிபார்ம் போடமாட்டேன் என்று வர்ணிகா கட்டிலை உதைத்துக்கொண்டிருந்தாள். பிச்சைமணி போனில் சன்னமாக ஒரு பாட்டை வைத்தார். நீலக் கட்டம் போட்ட சட்டையில், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, "ஒண்ணுமில்ல அம்மிணி, ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டிலை நெருங்கினார்.

வர்ணிகா உதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, சுளுக்கா?"

"இல்ல சாமி. நீ சட்டையைப் போடு."

போட்டுக்கொண்டாள். உடனே கடலை மிட்டாய். அந்த வாரம் முழுக்க யாருக்கும் உதை விழவில்லை. அப்பா கத்தாத வீடு எப்படியிருக்கும் என்று அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடி விழுந்ததெல்லாம் மற்ற இடங்களில். மெல்லப் பேசிப் பழகியதில், "நிறுத்து, கீழ வண்டி நிக்குது" என்று அவர் தோப்பில் கொஞ்சலாகச் சொன்னது மரத்தின் பாதிவரை கூடப் போகவில்லை. குலை இறங்கி ஸ்கூட்டரின் முகப்பைச் சப்பையாக்கியது. அதே நீலச் சட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். "தேங்கா வெல அத்தனை மோசமுங்களா?" என்று பந்தியில் துக்கம் விசாரித்தார்கள். இந்தப் பேச்சை நிறுத்த அதே துணியில் இன்னும் நாலு சட்டை தைத்துப் போட்டார். அதற்குப் பிறகு விசாரிப்பதையும் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அப்புறம் கிணத்துக்கடவிலிருந்து மாமியார் கமலாத்தாள் முறுக்குத் தூக்கோடு வந்து இறங்கினாள்.

"அங்கயே நில்லுங்க அத்தை" என்றார் பிச்சைமணி, கேட்டைப் பிடித்துக்கொண்டு.

"ஏனுங்க மாப்ள, தீட்டா?"

"அதெல்லாம் இல்லீங்க. புள்ளை உங்களைத் தூரத்துல இருந்து பாத்துப் பழகோணும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க."

"என்ற பேத்தி என்னையப் பாத்துப் பழகோணுமா? பொறந்தப்ப மொதல்ல கையில வாங்கினவ நானு."

"சேலை புதுசுங்களா? அதுவும் ஆகாதுங்க."

கமலாத்தாள் முறுக்குத் தூக்கைக் கேட்டில் மாட்டினாள். வந்த பஸ் போய்த் திரும்பி வரும்வரை ரோட்டிலேயே நின்று, அதிலேயே ஏறிப் போய்விட்டாள். ஏறும்வரை மருமகனுக்கு முதுகைத்தான் காட்டினாள்.

சாயங்காலம் செல்வலட்சுமி துணிமணியைப் பையில் அடுக்கினாள்.

"கிளாசுல சொன்னதைத்தான் புள்ள செஞ்சேன்."

"எங்கம்மாவைப் புது ஆளுன்னு எந்த டீச்சரு சொன்னது? இப்பவே கேக்கறேன்." போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

பிச்சைமணி போனைப் பிடுங்கக் கை நீட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

செல்வலட்சுமி எல்லாவற்றையும் கொட்டினாள். பக்கவாட்டு, பாட்டு, ஒரே சட்டை, கேட்டில் நின்ற அம்மா.

"இதெல்லாம் ஞான் சொன்னதா?" என்றாள் ஜிஸ்மி டீச்சர் மெதுவாக.

"தூணுக்குப் பின்னால உக்காந்து கேட்டாருங்களாமா."

"குட்டி இப்போ உதைக்கறதில்லையா?"

"இல்லீங்க. அது நின்னுருச்சு."

"அப்போ ஞான் சொன்னதுதான்" என்றாள் டீச்சர். குரலில் திடீரென்று தெம்பு வந்திருந்தது. "நூறு பேர் கேட்டுட்டுப் போனாங்க, ஒருத்தர்தான் செஞ்சிருக்கார். வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம் உண்டு. சார் வந்து பேசணும்."

செல்வலட்சுமி பையிலிருந்து துணியை வெளியே எடுத்தாள். மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாள். "உங்களைப் போயி சந்தேகப்பட்டுட்டனே மாமா" என்றாள். பிச்சைமணி கூட்டத்தில் பேச வேண்டாமென்று சொல்லப் பார்த்தார். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் செல்வலட்சுமியும், சமாதானம் செய்து கூட்டிவந்த கமலாத்தாளும், நடுவில் கையைக் கட்டிக்கொண்டு வர்ணிகாவும். பிச்சைமணி நீலச் சட்டையில் மைக்கைப் பிடித்தார். முதலில் தரையைப் பார்த்தபடி நின்றார். ஆட்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"உதைக்கறது திமிரு இல்லீங்க. பயம்" என்றார். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பூவாத்தாள் என்கிற அம்மா எழுந்தாள். "என்ற பையன் கடிக்கறானுங்க. அதுக்கும் பக்கவாட்டுலயே வரலாமுங்களா?"

"வரலாமுங்க. மெல்லப் பேசிட்டே வரோணும். பேசாம வந்தாத்தான் மெரளும்."

"இதுதான் சயின்ஸ்" என்று ஜிஸ்மி டீச்சர் குறுக்கே புகுந்தாள். "புதிய ஆராய்ச்சியெல்லாம் இதைத்தான் சொல்லுது. என் கிளாஸ்ல ஞான் இதை முக்கியமா எடுத்துச் சொன்னேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. கமலாத்தாள்கூட, மருமகனைப் பார்த்துப் பாதி சிரித்தாள். செல்வலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். பிச்சைமணிக்கே, தான் அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது லேசாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாலைக் கொண்டுவந்த சிலுவைராஜ், கேனை வாசலில் வைத்துவிட்டு முழுப் பேச்சையும் நின்று கேட்டிருந்தான். அவன் முகமெல்லாம் பூரிப்பு.

"மாடியில மாட்டு டாக்டரு நடத்துன கிளாசை ஒண்ணு உடாமச் சொல்லிப்புட்டீங்களேங்கண்ணா" என்றான், ஹால் முழுக்கக் கேட்க. "ஆமா, உங்கூட்டுத் தலையீத்துக் கிடேரி இப்ப உதைக்காமக் கறக்க உடுதுங்களா?"