எங்கள் மாட்டை நான் ஜப்தி செய்யப் போன கதை

கேமரா முன்னால் நின்றால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கும். எனக்கோ, கேமரா என் பக்கம் திரும்புவதற்கு முன்பே கனத்துவிட்டது.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் மாட்டும் லைனில் வேலை. எங்கள் ஊர் வடக்குப்பட்டில், கடனில் தத்தளிக்கும் விவசாயக் குடும்பத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க வந்தார்கள். (சுற்றிலும் கம்பெனிகள், நடுவில் ஒரு வயலைக் கண்டுபிடித்ததே பெரிய சாதனை.) அதில் லட்சுமியாக நடித்த பசு, எங்கள் வீட்டுச் செவப்பி.

மாட்டை ஜப்தி செய்ய வரும் ஆபீசராக நடிக்க வேண்டிய பெண்மணி வரும் வழியில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து, கழுத்தில் ஐடி கார்டோடு வேடிக்கை பார்த்த என்னை டைரக்டர் கைகாட்டினார்.

"இவங்க மூஞ்சில ஒரு கண்டிப்பு இருக்கு."

மாடு எங்களுடையது என்று நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சான்ஸ் போய்விடுமே! அதற்குள் கம்பெனியில் என் லைன் பொண்ணுங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது.

ஆக்‌ஷன். ஹீரோ செவப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "லட்சுமி! என்னை விட்டுப் போயிடாதம்மா!" என்று கதறினார். நிஜக் கண்ணீர். சுற்றி நின்ற பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். நான் விறைப்பாக, "மாட்டை அவுத்துக் கொண்டாங்க" என்றேன். தினமும் கழனித் தண்ணி காட்டுகிறவளின் குரல் ஆயிற்றே! செவப்பி ஹீரோவையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து, என் மேக்கப்பை நக்க ஆரம்பித்தது.

"மேடம், சிரிக்காதீங்க!"

"சிரிக்கல சார், கூசுது!"

அடுத்த முறை குரலை மாற்றிக் கரகரவென்று பேசினேன். இன்னும் வேகமாக வந்தது. ஹீரோ சேற்றில் விழுந்தார். எழுந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டே, "யார் வூட்டு மாடுங்க இது?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

கூட்டத்திலிருந்து என் அம்மா சத்தம் போட்டாள். "எங்க வூட்டு மாடு சார். அவ எங்க வூட்டுப் பொண்ணு. அத்து வேற இன்னா பண்ணும்?"

டைரக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பூமிக்குள் போக இடம் தேடினேன். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட அசிஸ்டென்ட் ஒருவரை ஆபீசராக்கினார். என்னை ஹீரோவுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் குந்த வைத்தார். அசிஸ்டென்ட் கயிற்றை இழுக்க, நான் மெதுவாக "செவப்பி" என்றேன். அது காலை ஊன்றி, திரும்பித் திரும்பிப் பார்த்து 'ம்மா' என்று அலறியது பாருங்கள், டைரக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படத்தை மறைமலை நகரில் குடும்பத்தோடு பார்த்தோம். அந்தக் காட்சியில் தியேட்டரே விம்மியது. எங்கள் வரிசை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன் சீட்டு அம்மாள் திரும்பி, "நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கேட்டே விட்டார்.

கல்யாணமாகி சேரப்பணஞ்சேரி வந்துவிட்டேன். டிவியில் அந்தப் படம் போட்டால், என் மாமியார் அக்கம்பக்கத்து வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

"எங்க மருமக நடிச்ச படம். அந்த மாடு அழுதுகினே பாக்குது இல்ல? இவளத்தான் பாக்குது!"