142857 என்றொரு காதல்

கொழும்பு வெள்ளவத்தையில் காதலர்களுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைக் கல்லுகளில் குடைக்குக் குடை இருப்பார்கள். ஆனால் ஓர் எண்ணைக் காதலித்தவர், வெள்ளவத்தை என்ன, இந்தத் தீவிலேயே எங்கள் மாடிக் குடியிருப்பின் பெருக்கல் அண்ணை ஒருவர்தான்.

அந்த எண் 142857. லிப்டுக்குள் தனியாக அகப்பட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

“தம்பி, இதை ரெண்டால பெருக்கிப் பாரும்.”

“அண்ணை, ஒஃபிசுக்குப் பிந்துது.”

“285714! அதே இலக்கங்கள், அதே வரிசை. துவங்கிற இடம்தான் வேற. மூண்டால பெருக்கினா 428571. ஆறு வரைக்கும் இப்பிடித்தான். உம்மட சொந்தக்காரர் இவ்வளவு ஒற்றுமையா இருப்பினமோ?”

“ஏழால பெருக்கினா?” என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “999999!” என்றார். அடுத்த அரை மணித்தியாலம் நான் ஒஃபிசுக்குப் போகவில்லை.

அவர் மனைவியை அக்கா என்போம். அவருக்குப் பின்னேரங்களில் தனியே கடற்கரைக்கு நடக்கவேண்டும். கொஞ்சக் காலமாக மறதி. என்னை என் தம்பியின் பெயரால் கூப்பிடுவார்.

குடியிருப்பின் வாசல் கேற்றுக்கு இலக்கப் பூட்டுப் போட்டபோது, அண்ணை ஒற்றைக் காலில் நின்று தன் எண்ணையே ரகசிய எண்ணாக்கினார். அதோடு விட்டாரா? பூட்டுக்காரரைப் பிடித்து, பெருக்கி வரும் மற்ற ஐந்து எண்களையும் ஏற்றிவிட்டார். எண்ணின் அருமையை மீன்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சிங்களத்தில் விளக்கியும் முடித்தார். குடியிருப்பு இருக்கும் ஒழுங்கையில் அந்த ரகசியம் தெரியாதது நாய்களுக்கு மட்டும்தான்.

நிர்வாகக் குழுத் தலைவி கூட்டம் கூட்டினார். “ஒரு கேற்றுக்கு ஆறு திறப்போ? கள்ளனுக்குக் கோப்பியும் ஊத்தி வைப்பமே? எண்ணை மாத்தவேணும்!”

எல்லோரும் கை தூக்கினோம், நானும்தான். அண்ணை எழுந்தார். பெருக்கப் போகிறார் என்று பயந்தோம்.

“கடற்கரைக்கு நான் கூடப் போனா உங்கட அக்கா கோவிக்கிறா, ‘நான் என்ன குழந்தையோ’ எண்டு. இந்த எண் அவவுக்கு மறக்காது. கலியாணம் கட்டின நாளில இருந்து கேட்டுக் களைச்சவ. எது முதல் இலக்கம் எண்டதுதான் இப்ப பிடிபடுதில்லை. இதில எங்க துவங்கினாலும் பிழையில்லை, பிள்ளையள். வீட்டுக்கு வந்திடுவா.”

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தக் கதையை அடுத்த கூட்டத்தில பாப்பம்,” என்றார். அதன்பின் எத்தனையோ கூட்டம் நடந்துவிட்டது. அந்தக் கதையை எவரும் எடுக்கவில்லை.

போன கிழமை ஒருநாள் அக்காவுக்குப் பின்னால் கேற்றடியில் நின்றேன். அவர் விரல் சற்றுத் தயங்கியது. பிறகு ஐந்தில் தொடங்கி, 571428. கேற் திறந்தது. மேலே பல்கனியில் அவர் விரலையே பார்த்துக் காத்திருந்த அண்ணை சந்தோஷத்தில் ஒழுங்கை அதிரக் கத்தினார்:

“நாலால பெருக்கியிருக்கிறாய்!”

“ஓம், ஓம், தேத்தண்ணியைப் போடுங்கோ,” என்றார் அக்கா.

இப்போதெல்லாம் லிப்டில் நான்தான் அவரைப் பிடித்துக்கொள்கிறேன். ஒஃபிஸ் கிடக்கட்டும்.

“அண்ணை, நேற்று அக்கா எத்தினையால பெருக்கினவ?”