சுண்டுவிரல் மை

நான் ஒரு முட்டாளாக இருந்தேன். படிக்காதவன் என்று சாக்குச் சொல்ல முடியாது, பத்தாவது பாஸ். குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. மகள் தேவிக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. ஒரு புதன்கிழமை நர்ஸம்மா எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே வந்து, தட்டம்மை ஊசிக்குக் குழந்தையை அங்கன்வாடிக்குத் தூக்கி வரச் சொன்னார். அதற்கு முந்தின ஞாயிறுதான் போலியோ சொட்டு மருந்து கொடுத்து, சுண்டுவிரலில் மை வைத்திருந்தார்கள். அந்த விரலைத் தூக்கிக் காட்டினேன்.

“இன்னாம்மா இது? மை தெரில?”

“அது சொட்டு மருந்துக்கு வெச்சதுங்க. இது வேற ஊசி.”

“ஓட்டு போட்டு மை வெச்சுக்கினு போனா, மறுபடி பூத்துல வுடுவாங்களா? ஒரு தபா வெச்சா முடிஞ்சுது. கெளம்பு.”

லைன் வீடே சிரித்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. அடுத்த புதனும் வந்தார், அடுத்த புதனும் துரத்தினேன். ஊசி போட்டால் குழந்தை அழும், ஷிப்ட் முடித்து வருகிறவன் எப்படித் தூங்குவது? (என் தூக்கம். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.)

ஒரு மாதத்தில் ஜுரம் வந்தது. கண் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்:

“தட்டம்மை ஊசி போட்டாச்சா?”

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகக் குழந்தையின் சுண்டுவிரலைத் தூக்கியது. மை அழிந்து போயிருந்தது. டாக்டர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அந்தாளக் கேக்காதீங்க சார், போடல” என்றாள் என் மனைவி மல்லிகா.

பதினோரு நாள் அங்கே கிடந்தோம். மகள் பிழைத்தாள். சீழ் பிடித்து இடது காது கேட்காமல் போனது.

பிறகு மகன் பிறந்தான். அவனுக்குத் தட்டம்மை ஊசி நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே லீவு போட்டு, அங்கன்வாடி திறப்பதற்குள் போய் நின்றேன். அதே நர்ஸம்மா.

“இன்னும் நாள் ஆவலைங்க. அடுத்த புதன் வாங்க.”

“பரவால்லம்மா, இங்கியே குந்திக்கினு இருக்கேன்.”

“ஒரு வாரமா?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ரயிலுக்குச் சீக்கிரம் கிளம்பினால், “இன்னா, அங்கன்வாடிக்கா?” என்பார்கள். தேவிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். யார் சொன்னாலும் கடைசிவரை கேட்டு, விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருவேன்.