மாடி ஹாலில் இப்போது காலி மேசை இல்லை

ராயபுரம்
28.11.2006

அன்பும் அடக்கமும் நிறைந்த என் மருமகன் ஃப்ரெடிக்கு,

அத்தை ரோஸ்மேரி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு எழுதுவது. சேசு, மரி, சூசை மூவரும் துபாயில் நீ தூங்கும்போது தலைமாட்டிலும், வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னாலும் நின்று காவல் காப்பார்களாக. இங்கு நானும் என் மூட்டுவலியும் நலம். நிற்க. "கிறிஸ்மஸுக்குள்ள மாடி ரொம்பலன்னா கன்டெய்னர் கம்பெனிக்காரனுக்கு வூட்ட வித்து முடிச்சிடுறேன், நீ பழவேற்காட்டுல சித்தி மவ வூட்டோட போயிடு அத்தை" என்று நீ போனில் சொன்ன நாள் முதலாய் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. மாடி ரொம்பிவிட்டது. எப்படி ரொம்பியது என்று படித்துவிட்டு நீ பயப்படக் கூடாது. பயப்படுகிற வேலையை இங்கே நாங்கள் நாலு பேரும் செய்து முடித்துவிட்டோம்.

உங்கப்பா ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கட்டிய மாடி அது. அவர் போன பிறகு சும்மா கிடந்த ஹாலில், துபாயில் பார்த்ததாகச் சொல்லி நீதானே இந்த யோசனையைக் கொடுத்தாய்? ஒரு ஹால், ஆளுக்கு ஒரு மேசை, போனும் ஃபேனும் பொது, அவரவர் தொழிலை அவரவர் பார்ப்பது. "டேபிள் போட்டா மட்டும் வாடகை வராது அத்தை, அங்க கீறவங்க சொந்தக்காரங்க மாதிரி பழவணும், அப்பதான் போவ மாட்டாங்க, இன்னும் நாலு பேர இட்டுகினு வருவாங்க"ன்னு நீ சொன்னே. சொன்னது சுலுவு. வந்தது மூணே பேரு. கப்பல் சரக்குக்குப் பேப்பர் பாக்குற மஜீது, கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிற ஜானட், இன்சூரன்ஸ் புடிக்கிற டில்லிபாபு. சொந்தக்காரங்க மாதிரிதான் பழவுனாங்க, பங்கு பிரிச்சு கோர்ட்டுக்குப் போன சொந்தக்காரங்க மாதிரி. ஃபேன் யார் பக்கம் சுத்தணும்னு சண்ட. டில்லிபாபு டிபன் பாக்ஸ தொறந்தா ஜானட் மூக்கப் பொத்திக்குவா. "இன்னா கவுச்சி, கலீஜா கீது"ம்பா. "மீன் துன்னாத மேரிமாதா பக்தைய இப்பதான் பாக்குறேன்"ம்பான் அவன். மஜீது போன்ல கத்துறத நிறுத்தச் சொல்லி ரெண்டு பேரும் அவர் மேல பாய்வாங்க. மாசக் கடைசியில மூணு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து, "ஆன்ட்டி, நா காலி பண்றேன்"னு சொல்லிட்டாங்க.

நான் எங்க போவேன்? முழங்கால் போட்டேன். கல்லறைத் திருநாளுக்கு முன்னால ஒம்பது நாள் நவநாள் செஞ்சேன். அந்தோணியாருக்கு இல்ல, அவருக்கு ஏற்கெனவே நெறைய வேல குடுத்துட்டேன். உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குச் செஞ்சேன். நீ ஞாயித்துக்கிழம பூசைக்கே போறதில்ல, அதால சொல்றேன், மோட்சத்துக்குப் போற வழியில பாவம் எரிஞ்சு தீர்ற வரைக்கும் காத்துகினு கீற ஆத்துமாங்க. அவங்களுக்காக நாம வேண்டினா, நமக்காக அவங்க ஓடியாருவாங்கன்னு எங்க ஊரு கன்னியாஸ்திரி சொல்லித் தந்திருக்காங்க. "நிக்க எடமில்லாத ஆத்துமாக்களே, என் ஹால ரொப்பிக் குடுங்க"ன்னு ஒம்பது நாளும் கண்ணீரோட கேட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் படி கழுவப் போனா, ஈரக்கால் தடம். ஏறி கீது, எறங்கல. மேல போய்ப் பாத்தேன், ஆளு இல்ல. மூட்டையும் கிரீசும் நனஞ்ச மாதிரி ஒரு வாட. ஜானட் வந்தா. "ஆன்ட்டி, ஜன்னலோர டேபிளுக்கு ஆள் வந்துட்டாங்களா?"ன்னா. இல்லியேம்மான்னேன். "அப்ப அந்த சேர் இன்னாத்துக்கு சூடா கீது?"ன்னா. வெயில்னு சொன்னேன். அன்னிக்கு மழ, ஃப்ரெடி. மஜீது தன் பேப்பரெல்லாம் அந்தக் காலி டேபிள் மேல பரப்பி வெச்சிட்டு டீக்குப் போனார், வந்து பாத்தா எல்லாம் தரையில கீது, கலையாம, வரிசையா, மருவாதியா எறக்கி வெச்ச மாதிரி. "இன்னொருத்தர் எடத்துல வெச்சுட்டேன் போல, மாஃப் கரோ"ன்னு அந்தாளு காலி நாற்காலியப் பாத்து சொல்றாரு. டில்லிபாபுதான் "இன்னா பேஜாரு, பேயாவது பிசாசாவது"ன்னு வீராப்பா போய்க் குந்தினான். குந்தின வேகத்துல எழுந்தான். "யாரோ காதுல மூச்சு வுட்டாங்க ஆயா. திட்டல, மெரட்டல. பஸ்ல ஒருத்தர் மடியில தெரியாம குந்திட்டா அந்தாளு வுடுவாரே, அந்த மாதிரி ஒரு மூச்சு"ன்னான். அப்பால ஒரு நாளு, ஜானட் மட்டும் தனியா இருந்த நேரம், கூரியர்காரன் மேல ஏறிப் போய்ட்டு கீழ வந்து என்கிட்ட சொல்றான், "இன்னா ஆயா, ஆபீஸ் ஃபுல்லா? இம்மாம் பேர் குந்தினு கீறாங்க, ஒருத்தர் கூட தல தூக்கிப் பாக்கல, ரொம்ப திமிர் புடிச்ச ஆபீசா கீதே"ன்னு.

இப்ப நீ சொன்ன சொந்தக்காரங்க விஷயத்துக்கு வர்றேன். மூணு பேரும் அன்னிக்கே ஓடியிருக்கணும், ஆனா ஓட முடியல, கல்யாண சீசன் ஆர்டரும் கப்பல் சரக்கும் நடுவுல கீது. அதால இன்னா செஞ்சாங்கன்னா, டேபிள் மூணையும் இழுத்து நடு ஹால்ல ஒண்ணா ஒட்டிக்கினாங்க. காலைல ஒருத்தர் ஒருத்தருக்காக கீழ என் வாசல்ல காத்துகினு, ஒண்ணாதான் மேல ஏறுவாங்க. ஒண்ணாதான் சாப்புடுவாங்க, தனியா சாப்புட்டா முதுகுப் பக்கம் யாரோ பாக்குற மாதிரி கீதாம். ஜானட் இப்ப டில்லிபாபு கொணாந்த வஞ்சிரம் துண்டுல முள்ளு எடுத்து மஜீதுக்குக் குடுக்குறா. பேச்ச நிறுத்தினா ஜன்னல் பக்கம் இருமல் கேக்குதுன்னு நாள் பூரா பேசிகினே கீறாங்க, பேசப் பேச வியாபாரம் வளந்துட்டுது. மஜீதோட சரக்குக்கு டில்லிபாபு இன்சூரன்ஸ், ரெண்டு பேர் பேப்பரும் ஜானட் டைப். போதாதுன்னு ஆள் கூட்டம் இருந்தா பயம் கொறயும்னு அவங்களே போய் ஆள் புடிச்சாந்தாங்க. டில்லிபாபு அவன் தோஸ்து ஒருத்தன, ஜானட் அவ கூடப் படிச்ச பொண்ண, மஜீது தன் மச்சான. டேபிள் பத்தல. ஜன்னல் பக்கத்து வரிசையத் தவிர ஒரு எடம் பாக்கி இல்ல, அதுவும் பாக்கி இல்லங்கறது எங்களுக்குத் தெரியும்.

நம்ம மாதா கோயில் சாமியார் கிட்ட போய் சொன்னேன். அவர் சிரிக்கல. "நீ என்ன வார்த்தை சொல்லி வேண்டின ரோஸ்மேரி?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "உயிரோட இருக்குற ஆளா பாத்து ரொப்புங்கன்னு சொன்னியா?"ன்னாரு. சொல்லல. எந்தக் குருத்துவப் படிப்பு படிச்சேன் நானு? "இடம் இல்லாதவங்கள கூப்ட்ட, வந்துட்டாங்க. ஒரு ஆத்தும பூசை வெச்சா நிம்மதியாப் போயிடுவாங்க"ன்னாரு. போயிட்டா நானு? கிறிஸ்மஸ் கழிச்சு வெச்சுக்கலாம் சாமின்னேன். "உனக்கு வாடகை, அவங்களுக்கு நெருப்பா?"ன்னு கேட்டாரு. எனக்கும் ரோசம் வந்துட்டுது. அந்த நெருப்புல வேவுறத விட எங்க வூட்டு ஃபேனுக்கு அடியில கொஞ்ச நாள் குந்தினா அவங்களுக்கு இன்னா கெட்டுப் போவுதுன்னு கேட்டுட்டு வந்துட்டேன். அவங்க நல்லா கீறாங்க, ஃப்ரெடி. யாரையும் தொந்தரவு பண்றதில்ல. காத்துகினு கீறாங்க, அவ்ளோதான். இவ்ளோ நாள் காத்தவங்க கிறிஸ்மஸ் வரைக்கும் காக்க மாட்டாங்களா?

ஆகையால் கன்டெய்னர் கம்பெனிக்காரனிடம் உடனே பேசி, வூடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடவும். நீயே நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம், பகலில் வா. சமையலறையில் ஸ்டவ்வைப் பார்த்து அணை. அந்த நாட்டு வெயிலில் தொப்பி போடு. தேவமாதா உன்னைத் தன் முந்தானையில் முடிந்துகொள்வாளாக. ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய

அத்தை
ரோஸ்மேரி

பி.கு: இதை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேல எழுதுனதெல்லாம் வேணாம் கண்ணு. நேத்து ஜானட்டுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சுன்னு எல்லாருக்கும் டீ வாங்கியாந்தா. பயம் தெளிஞ்ச பொண்ணு, வெளையாட்டா ஜன்னலோர டேபிள்லயும் ஒரு டம்ளர் வெச்சா. "குடிங்க சார், எங்க செலவு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. சாயங்காலம் டம்ளர் எடுக்கப் போனேன். அதும் மேல ஒரு காயிதம் மூடி கீது, நாலு மூலையும் உள்ள மடிச்சு, குல்லா மாதிரி. துறைமுகத்துல நிலக்கரித் தூள் டீயில விழும்னு அந்த மாதிரி மடிச்சு மூடி வெக்கிற ஆளு, நான் பாத்து ஒரே ஒருத்தர்தான். எத்தினி பேர் மேல வந்தாங்களோ, யார் யாரோன்னு நெனச்சு நான் கம்முனு இருந்துட்டேன், அவர் வூட்டு மாடியில அவரே எடம் கேட்டு வந்து குந்துவாருன்னு எனக்கு இன்னா தெரியும்? என் அண்ணன நெருப்பு வாசல்ல நிக்க வெச்சா நான் வாடகை வாங்குவேன்?

இன்னிக்குக் காலைல பூசை வெச்சாச்சு. யார் ஆத்துமாவுக்குன்னு சாமியார் பேர் கேட்டாரு, சத்தமா சொன்னேன். திரும்பி வந்தா ஹால் ரொம்ப லேசா கீது. டில்லிபாபு டேபிள சொவத்துக்கே நவுத்திட்டான், ஜானட் மூக்கப் பொத்திகினா. மஜீது மச்சான் காலி பண்றேன்னுட்டாரு. நீ வித்துடு. பழவேற்காட்டுக்கு நான் ஒரு பெட்டியோட கெளம்புறேன்.

அந்தக் காயிதத்த இதுக்குள்ள வெச்சிருக்கேன். பிரிக்காம, மடிப்ப மட்டும் பாரு.