கொள்ளு குதிரைக்கு, ரசம் பால்ச்சாமிக்கு

குதிரையா, நானா? இன்றைக்கு ரெண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

பால்ச்சாமி இப்படித் தீர்மானித்தபோது வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. உரக்கச் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது. மனைவி கனகலட்சுமி மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். கொட்டகையில் மாடு இல்லை. குதிரைதான் இருந்தது.

வெள்ளைக் குதிரை. வாட்டசாட்டம். அதன் பிடரியை அவள் தன் சொந்தச் சீப்பால் சீவிக்கொண்டிருந்தாள். பால்ச்சாமிக்கு ஒரு நாளாவது தலை சீவி விட்டிருப்பாளா? அவர் தலையில் சீவ ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். இருந்த காலத்தில் சீவியிருக்கலாம் அல்லவா?

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டில் பால்ச்சாமிக்கு ஒரு மாந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு. மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயரானவர். அவர் ஒரு முறை முறைத்தால் ஓடுகிற மெஷினும் நிற்கும் என்று பேர். நின்றது கரண்டு போனதால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை விடுவோம்.

போன மாதம்தான் தோப்புக்கு சினிமாக் கம்பெனி வந்தது. குழந்தை குட்டியோடு பார்க்கிற சாகசப் படமாம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. அவள் உயிரையே வைத்திருக்கிற ஒரு குதிரை. குதிரை மலைக்காட்டில் தொலைந்து போகும். பிள்ளை தேடிப் போவாள். காட்டாற்று வெள்ளம், யானைக் கூட்டம், குதிரைத் திருடன் எல்லாம் குறுக்கே வரும். கடைசியில் குதிரை கிடைக்கும். தியேட்டரே அழும். டைரக்டர் ஜோயல் கதையைச் சொல்லி முடித்து, தாடியைத் தடவிக்கொண்டே கேட்டான். "ஷூட்டிங் முடியுற வரைக்கும் குதிரைய ஒங்க கொட்டகையில கட்டிக்கலாமா சார்?"

பால்ச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படம் ஆரம்பிக்கும்போது 'நன்றி' என்று திரையில் அவர் பேர் வர வேண்டும். இனிஷியலோடு.

ஆக, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது வேறு யாருமில்லை. அவரேதான்.

முதலில் கனகலட்சுமி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் காலை துணி காயப்போடும்போது குதிரை அவள் தோளில் மூக்கை வைத்து 'புர்ர்' என்றது. அவ்வளவுதான். "ஏ ராசா!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து பால்ச்சாமி அந்த வார்த்தைக்குக் காத்திருக்கிறார். அவருக்கு வாய்த்தது 'என்னங்க'. கோபம் வந்தால் 'இந்தாளு'.

அன்றைக்குப் பிடித்தது சனி. காபி தாமதம். தோசை ஆறியது. ஒரு நாள் மத்தியானம் இலையில் சோறு விழுந்தது. அதன்மேல் ஏதோ கலங்கலாக விழுந்தது.

"ஏட்டி, இது என்ன?"

"ரசம்."

"என்ன ரசம்?"

"கொள்ளு ரசம். ஊளைச்சதை குறையும்."

"கொள்ளு எங்க?"

"ராசாவுக்கு."

"அப்ப இது?"

"அது வெந்த தண்ணி."

"குதிரை தின்ன மிச்சத்தையா எனக்கு ஊத்துத?"

"சே சே! அது திங்கதுக்கு முந்தியே வடிச்சு எடுத்துட்டேன். நான் அப்படியா செய்வேன்?"

பால்ச்சாமி சாப்பிட்டார். ரசம் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

குதிரையைப் பார்த்துக்கொள்ள தவசிமுத்து என்று ஒரு ஆள் கூடவே வந்திருந்தான். அவனைப் பிடித்தார்.

"ஏலே, இது எப்பம்ல இங்கயிருந்து போவும்?"

"படம் முடியணும் அண்ணாச்சி. அக்கா புண்ணியத்துல சீக்கிரம் முடிஞ்சிரும்."

"அக்கா என்ன செஞ்சா?"

"அந்தப் பிள்ளை ஷெரின் இருக்கால்லா, கதாநாயகி? அதுக்குக் குதிரைன்னா பயம். ஏற மாட்டேன்னு அழுவுது. குதிரையும் யார் சொன்னாலும் நவுர மாட்டேங்கு. நம்ம அக்கா நாக்கைச் சொடக்கினா மட்டும் நவுருது. ரெண்டு சொடக்கு போட்டா ஓடுது. அதான் அக்காவுக்கு டைரக்டர் பக்கத்துலயே சேர் போட்டிருக்கு. குடை வேற."

பால்ச்சாமி போய்ப் பார்த்தார். நாற்காலி இருந்தது. குடை இருந்தது. குடைக்குக் கீழே கனகலட்சுமி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். தோப்புக்குச் சொந்தக்காரருக்கு நிற்க ஒரு மாமரத்து நிழல் கிடைத்தது. அதுவும் அவர் அப்பா வைத்த மரம்.

அன்பால் வெல்வோம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. இதுமாதிரி யோசனைகள் அவருக்கு வருவது அபூர்வம். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அது கனகலட்சுமி பிறந்த ஊர். சூடாகக் கிண்டிய பால்கோவா வாங்கினார். கோயில் வாசலில் மல்லிகைப்பூ நெருக்கிக் கட்டினதாகப் பார்த்து வாங்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

"எங்க ஊரு பால்கோவாவா!" கனகலட்சுமி முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கிள்ளு வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். பால்ச்சாமி கிட்டே நெருங்கினார்.

"பாவம்ங்க" என்றாள்.

"யாரு, நானா?"

"ராசா. இம்புட்டுத் தூரம் வந்துட்டு நம்ம பக்கத்துப் பால்கோவாவத் திங்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

கொஞ்சம்தான் கொடுக்கலாம் என்று தவசிமுத்து தடுத்தான். ஆகவே குதிரைக்குக் கொஞ்சம். ஷெரினுக்குக் கொஞ்சம். டைரக்டருக்கு, கேமராக்காரனுக்கு, குடை பிடிக்கிறவனுக்கு. பால்ச்சாமிக்குக் காகிதம் மிஞ்சியது.

"ஒங்களுக்குத்தான் சுகர் இருக்கே."

"பூவு?"

"குதிரைக் கழுத்துல கேமராவுக்கு எடுப்பா இருக்கும்னு டைரக்டர் தம்பி கேட்டுச்சு. நீங்க வாங்கிட்டு வந்த நேரம் பாருங்க!"

மறுநாள் ரோட்டோர டீக்கடையில் பக்கத்துத் தோப்பு ரத்தினம் உட்கார்ந்திருந்தான். வாயை வாடகைக்கு விட்டாலும் சும்மா இருக்காது. "என்ன அண்ணாச்சி, குதிரை கழுத்துல மாலை தொங்குது? மதினி மாப்பிள்ளைய மாத்திட்டாகளா?"

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் சிரித்ததில் பால் சிந்தியது.

பால்ச்சாமி டீயைக் குடிக்காமல் எழுந்தார். இனி அன்பெல்லாம் சரிப்படாது.

சினிமாக்காரர்களை அவர் கவனித்து வைத்திருந்தார். கேமராவுக்கும் பயப்பட மாட்டார்கள், கலெக்டருக்கும் பயப்பட மாட்டார்கள். சாமிக்குப் பயப்படுவார்கள். ஒரு நாள் உடைத்த தேங்காய் அழுகலாக இருந்ததற்கு அரை நாள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெரிய சீன். தொலைந்த குதிரையைப் பிள்ளை கண்டுபிடிக்கிற இடம். அதற்கு முன்னால் தோப்பில் பூசை. பூசையில் சாமி வரும். பால்ச்சாமி மேல் வரும். வந்து குதிரையைப் போகச் சொல்லும்.

எந்தச் சாமி? அவர் குலசாமி பேச்சியம்மன். மீசையை வைத்துக்கொண்டு பேச்சியாக ஆட அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதோடு வெளியூர்க்காரனுக்குப் பேச்சியைத் தெரியாது. அய்யனார் என்றால் எல்லோருக்கும் தெரியும். ரோட்டுக்கே அவர் பேர்தானே? அய்யனாரே வரட்டும். பம்புசெட் ரூமில் மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் கத்திப் பழகினார். மாமரங்களுக்குத் தண்ணீர் பாய்ந்தது. தொண்டை கட்டியது.

பல் தேய்க்கும்போது தீர்மானித்த அந்த வெள்ளிக்கிழமை, கற்பூரம் ஏற்றினார்கள். மணி அடித்தது.

"ஹேஏஏய்!"

பால்ச்சாமி குதித்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மறுபடி குதித்தார். கண்ணை உருட்டினார். யூனிட் ஆட்கள் சிதறினார்கள். ஷெரின் அவசரத்தில் குதிரைக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டாள். ஜோயலின் தாடி நடுங்கியது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சாமி வந்தால் அந்த வீட்டுப் பெண்தான் முன்னால் வந்து வாக்குக் கேட்க வேண்டும். கனகலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகினாள். திருநீற்றுத் தட்டோடு வந்தாள். அவருக்குக் காட்டாத மரியாதையெல்லாம் கையைக் கூப்பிக் காட்டினாள்.

"வந்திருக்கது யாரு சாமி?"

"அய்யனார்டா!"

"நான் பொம்பளை, சாமி."

சாமி தடுமாறியது. "அய்யனார்... அய்யனார்ம்மா!"

"என்ன குறை சாமி?"

"என் எல்லையில... வெள்ளைக் குதிரை நிக்கி! ஆகாது! ஆகவே ஆகாது!"

"அம்மா, படம் போச்சும்மா" என்று ஜோயல் அழுகிற குரலில் சொன்னான். பால்ச்சாமி உள்ளுக்குள் சிரித்தார். வெளியே உறுமினார்.

"உத்தரவு சாமி" என்றாள் கனகலட்சுமி. "தவசிமுத்து, குதிரைய அவுத்துட்டு வா."

இவ்வளவு சுலபமா? முதலிலேயே செய்திருக்கலாமே! பால்ச்சாமி குஷியில் நாலு ஆட்டம் சேர்த்து ஆடினார்.

குதிரை வந்தது. கனகலட்சுமி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அய்யனாருக்கு வாகனம் எது?"

"வெள்ளைக் குதிரைலா மதினி!" இது ரத்தினம். பூசைப் பொங்கலுக்கு வந்திருந்தான்.

"அதுதான சாமிக்குக் குறை! தன் வாகனத்தக் கட்டிப் போட்டுட்டு நாம படம் புடிச்சா எந்தச் சாமிதான் பொறுக்கும்? இத்தனை நாளும் சாமிய அதுல ஒரு தடவை ஏத்தினோமா? தப்புதான் சாமி. ஏறு! ஏறி ஒன் எல்லைய ஒரு சுத்து சுத்தி வா!"

பெண்கள் குலவை போட்டார்கள்.

பால்ச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிற சாமி. கோவிலுக்குக் கோவில் பனை உயரத்துக்கு நிற்கிற மண் குதிரை. அதில் ஏறி இரவெல்லாம் ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறவருக்குக் குதிரை ஆகாது என்று சொல்லிவிட்டாரே! இருக்கிற அத்தனை சாமிகளையும் விட்டுவிட்டுக் குதிரைக்காரச் சாமியைப் போய்ப் பிடித்தாரே! பொறாமை பிடித்தால் புத்தி இப்படித்தான் போகும்.

"வேண்டாம்!" என்று அலறினார். "சாமி... சாமி நடந்தே போவும்!"

"எந்த ஊர்லயாவது அய்யனார் நடந்திருக்காரா? தூக்குங்கப்பா!"

லைட் தூக்குகிற பையன்கள் தூக்கினார்கள். ஆகாயம் கிட்டே வந்தது. பூமி தூரமாகப் போனது. பால்ச்சாமி பிடரியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கனகலட்சுமி கயிற்றைப் பிடித்து ஒரு சொடக்குப் போட்டாள். குதிரை நடந்தது. "கேமரா! கேமராவ ஓட்டு!" என்று ஜோயல் கத்தினான்.

"ஏட்டி..." பால்ச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "கனகு... எறக்கி விடு."

"சாமி வாக்குச் சொல்லுது!" என்று அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "குதிரை இங்கயே நிக்கலாமா சாமி?"

சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு சொடக்கு. குதிரை ஓட ஆரம்பித்தது.

"நிக்கலாம்! நிக்கலாம்!"

"படம் முடியுற மட்டுமா?"

"அதுக்குப் பொறவும்! நிறுத்து!"

"புல்லு யாரு அறுக்கது?"

"தவசிமுத்து!"

சொடக்கு.

"பால்ச்சாமி! பால்ச்சாமிப் பயலே அறுப்பான்!"

"அவிய வெள்ளன எந்திரிக்க மாட்டாகளே சாமி?"

"எந்திரிப்பான்! கோழி கூவ எந்திரிப்பான்! அம்மா தாயே, நான் மலையேறுதேன்!"

சாமி மலையேறினால் ஆளை விட்டுவிட வேண்டும். அதுவும் வழக்கம்தான். கனகலட்சுமி குதிரையை நிறுத்தித் திருநீறு பூசினாள். பையன்கள் இறக்கினார்கள். பால்ச்சாமியின் கால்கள் மட்டும் இன்னும் குதிரை மேலேயே இருக்கிற மாதிரி அகன்று நின்றன.

ஷெரின் தைரியமாக முன்னால் வந்தாள். "தாத்தாவே விழல. நான் விழுந்துருவேனா?" என்று சொல்லிக் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தாள். சீன் ஒரே டேக்கில் முடிந்தது. தாத்தா ஏறின காட்சியையும் படத்தில் சேர்த்துக்கொள்ளப் போவதாக ஜோயல் சொன்னான். எந்த இடத்தில் என்று பால்ச்சாமி கேட்கவில்லை. ஜனங்கள் சிரிக்கிற இடத்தில்தான்.

சாயங்காலம் குப்புறப் படுத்துக் கிடந்தார். கனகலட்சுமி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பில் தேய்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் கை அவர் மேல் பட்டது. கோபம் பாதி இறங்கியது.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அது சாமி இல்ல, நான்தான்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? சாமின்னு நெனச்சுத்தான ஏத்தினேன்."

"அப்ப நான்னு தெரிஞ்சிருந்தா?"

"சத்தியமா ஏத்தியிருக்கவே மாட்டேன்."

பால்ச்சாமிக்கு மீதிக் கோபமும் இறங்கிவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என் மேல ஒனக்கு அம்புட்டு அக்கறையா கனகு?"

"பின்ன? ஒங்க கனத்துக்கு அதோட முதுகு என்னத்துக்கு ஆகும்?"