பங்காளிகளின் எச்சில்

அப்பச்சியின், அதாவது அப்பாவின், மணிவிழாவுக்கு வந்திருக்கும் பங்காளிகளிடம் போய், இந்தக் குப்பியில் கொஞ்சம் துப்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சோமு குப்பியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றான்.

எச்சிலில் இயற்கையாகவே ஒரு பெப்டைடு, அதாவது புரதத் துணுக்கு, இருக்கிறது. அது புண்ணை ஆற்றுமாம். அதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஒரே குடும்பத்து எச்சில் கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டு என்று கைடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அமராவதிபுதூரில் இதே வீட்டில்தான் சின்ன வயதில் அவன் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வான். பக்கத்தில் எந்தப் பெரியாத்தா இருந்தாலும் எச்சில் தொட்டு வைத்து ஊதிவிடுவார்கள். அழுகை நின்றுவிடும். அந்தக் கூட்டமெல்லாம் சென்னைக்கும் சிங்கப்பூருக்குமாகச் சிதறிப் போயிற்று. இனி என்றைக்கு ஒன்றாகப் பார்ப்பது? நினைக்க நினைக்க அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

காலையிலேயே கேட்டுப் பார்த்தான். எல்லாரும் காபி குடித்திருந்தார்கள். சரி, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள் என்றான். விசேஷ வீட்டில் கூப்பிட்டு வைத்துப் பட்டினி போடுகிறான் என்று ஒரு சின்னத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தி முன்னால் துப்பக் கூச்சம் என்றார்கள். திரை கட்டினான். உள்ளே ஏதோ தொற்றுநோய்க்குச் சோதனை நடக்கிறதாம் என்று பந்தி வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. ஒரு மச்சான் காரையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

சோமுவின் ஆத்தா தேனம்மை ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. மகன் கையிலிருந்த குப்பிகளைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ போயிப் பந்தியைக் கவனி. இதை ஆத்தா பாத்துக்கிறேன்."

சாயங்காலம் எல்லாக் குப்பிகளும் நிறைந்து, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் இருந்தன. ஆத்தா சொன்னால் ஊரே கேட்கும் என்று சோமு பூரித்துப் போனான்.

அடுத்த மாதம் கைடு போனில் துள்ளினார். எல்லாக் குப்பியிலும் பெப்டைடு அச்சுப் பிசகாமல் ஒரே அளவாம். ஒரே ஒரு குப்பியில் மட்டும் இரண்டு மடங்காம். அதில் இருந்த பெயர் சிங்கப்பூர் முத்துக்கருப்பன் பெரியப்பா.

சோமு அடுப்படிக்கு ஓடினான். நாம் எங்கே சிதறினாலும் ஒரே எச்சில்தான் ஆத்தா என்றான். பெரியப்பாவை விமானத்தில் வரவழைத்து, சிவகங்கைக் கருத்தரங்கில் மேடையேற்றப் போவதாகவும் சொன்னான். ஆச்சி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பாவம், அவுகளை எதுக்குப்பா அலைக்கழிக்கிறே?"

சமையல் செய்யும் பொன்னுத்தாயி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவுக எதுக்கு தம்பி, நான் இங்குட்டுத்தானே இருக்கேன். மத்த குப்பியெல்லாம் துப்பி நிரப்புறதுக்குள்ள ஆச்சிக்கு நாக்கு வறண்டு போச்சு."